குடலைப் பார்க்கச் சொல்லிக் கேட்ட ஸ்கேன்

வயிற்றை ஸ்கேன் செய்து "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று ஒரு தாள் கையில் கிடைத்தால், குடலும் சரியாகத்தான் இருக்கிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அப்படி எடுத்துக்கொள்ளக்கூடாது. வழக்கமான அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ஈரல், பித்தப்பை, கணையம், மண்ணீரல், சிறுநீரகம், சலப்பை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பெண்களென்றால் கருப்பையும் சூலகமும் சேரும். குடலை அங்குலம் அங்குலமாகத் தேடிப் பார்ப்பது வேறு வேலை. அதைச் செய்யும்படி வைத்தியர் எழுதித் தர வேண்டும். குடலில் அழற்சியையும் புண்ணையும் உண்டாக்கி நீண்ட காலம் நீடிக்கும் குரோன் நோயோடு வாழ்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே என் கதையை எழுதுகிறேன்.

எனக்கு இந்த நோய் இருப்பது சில வருடங்களுக்கு முன்னர் கொலனோஸ்கோபியிலும் (கெமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது) திசுப் பரிசோதனையிலும் உறுதியானது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில், அதாவது வலது அடிவயிற்றில், புண்கள் இருந்தன. அதே இடத்தைக் குடற் காசநோயும் பிடிக்கும். எனவே முதலில் அது இல்லையென்று தெளிவாக்கிக்கொண்ட பிறகுதான் மருந்தைத் தொடங்கினார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கி நோயைக் கட்டுப்படுத்தும் அசத்தியோபிரின் குளிசையோடு, களுவாஞ்சிகுடியில் பாடசாலை வேலையையும் பார்த்துக்கொண்டு, ஓரளவு சுகமாகவே இருந்தேன்.

கச்சான் காற்று வீசிய மாதங்களில் நிலைமை மாறியது. சாப்பிட்ட பின் வயிறு முறுக்கி வலித்தது. பொழுது சாய்ந்தால் காய்ச்சல். வலப்பக்கம் கை வைத்தால் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. "வெயிலில் அலைந்த சூடு மகள், இளநீர் குடித்தால் இறங்கிவிடும்" என்றார் அம்மா. பக்கத்தில் ஓரிடத்தில் ஸ்கேன் எடுத்தோம். ஈரலும் பித்தப்பையும் சிறுநீரகமும் நன்றாக இருப்பதாக அறிக்கை வந்தது. குடலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கோரிக்கைத் தாளில் 'வயிற்று வலி' என்று மட்டுமே இருந்தது. கேட்டதை அவர்கள் பார்த்துத் தந்திருக்கிறார்கள்.

மட்டக்களப்பில் கிளினிக்குக்குப் போன அன்று, வைத்திய நிபுணர் அந்த அறிக்கையை வாசித்துவிட்டு ஒதுக்கி வைத்தார். வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். "டீச்சர், நோய் கூடிவிட்டதென்று நினைத்து இன்றே ஸ்டீரொயிட் தரலாம். உள்ளே சீழ் இருந்தால் அது பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடும். முதலில் அதைப் பார்த்துவிடுவோம்" என்றார். ஸ்டீரொயிட் உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிடும். அடக்கப்பட்ட உடலில் சீழ் கட்டுக்கடங்காமல் பரவும். புதிய தாளில் நோயின் பெயர், எந்தப் பகுதி, காய்ச்சல், கட்டி எல்லாவற்றையும் எழுதி, அதன் கீழ் அவர் எழுதிய கேள்விகளை எனக்கும் வாசித்துக் காட்டினார்: குடற்சுவர் தடித்திருக்கிறதா? ஒடுக்கம் உண்டா? குடலிலிருந்து வேறிடத்துக்குப் புரைவழி (புண் துளைத்து உண்டாக்கும் பாதை) போகிறதா? சீழ்க்கட்டி உண்டா?

காலைச் சாப்பாடு இல்லாமல் வரச் சொன்னார்கள். குடலில் காற்றும் உணவும் குறைவாக இருந்தால் படம் தெளிவாகும். முதல் பஸ்ஸில் ஏறிக் கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போதே வலி தொடங்கிவிட்டது. பழைய கொலனோஸ்கோபி அறிக்கையையும் சீ.டீ. ஸ்கேன் படங்களையும் கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் வைத்திருந்தேன். இதை எல்லோருக்கும் அழுத்திச் சொல்வேன். ஸ்கேன் செய்த கதிரியக்க வைத்திய நிபுணர் முதலில் அந்தப் பையைத்தான் கேட்டார். எந்த இடத்தில் நோய், முன்பு எவ்வளவு நீளம் என்று தெரிந்த பிறகே ஜெல்லைத் தடவினார்.

வளைந்த முனையுள்ள கருவியால் வயிறு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தட்டையான வேறொன்றை எடுத்தார். அது ஆழம் குறைவாகப் பார்த்தாலும் குடற்சுவரின் அடுக்குகளையே பிரித்துக் காட்டக்கூடியது. அதை மெதுமெதுவாக அழுத்திக் காற்றை விலக்கிக்கொண்டே நகர்ந்தார். "எந்த இடத்தில் கூடுதலாக வலிக்கிறதோ அங்கே சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். கருவி அங்கேயே நின்றது. வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைக்கும் பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. அந்த அறையில் அது வேண்டாம். வலிக்கும் இடம்தான் வைத்தியருக்கு வழி காட்டுகிறது.

பார்த்துக்கொண்டே அவர் விளக்கினார். குடற்சுவர் 3 மில்லிமீற்றருக்கு உட்பட்டிருப்பது இயல்பு, எனக்கு 8. இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டொப்ளரைப் போட்டதும் சுவருக்குள் சிவப்பும் நீலமுமாக நிறையத் தெரிந்தது. அழற்சி இன்னும் அடங்கவில்லை என்பதற்கு அது அடையாளம். குடலைச் சுற்றியிருந்த கொழுப்பும் வீங்கி வெளிறியிருந்தது. ஒரு பகுதியில் குடலின் உள்வழி ஒடுங்கி, அதற்கு முந்திய குடல் 3.4 சென்ரிமீற்றர் அகலத்துக்கு விரிந்திருந்தது. மதகு அடைபட்ட வாய்க்காலில் மேற்புறம் நீர் தேங்குவதைத் திரையிலேயே பார்த்தேன்; உள்ளிருந்தது முன்னும் பின்னும் அசைந்ததே தவிர அந்த இடத்தைக் கடக்கவில்லை. சாப்பிட்ட பின் வந்த முறுக்கு வலிக்குக் காரணம் அதுதான்.

அதற்குப் பக்கத்தில் கறுப்பாக ஓர் இடம். குடலிலிருந்து மெல்லிய கருங்கோடு ஒன்று அதை நோக்கிப் போயிருந்தது. அதுவே புரைவழி. டொப்ளரில் அந்தக் கறுப்பின் ஓரத்தில் மட்டுமே இரத்த ஓட்டம் தெரிந்தது, நடுவில் இல்லை. உள்ளேயும் ஓட்டம் இருந்தால் அது வீங்கிய திசுத் திரளாக இருக்கலாம். இல்லையென்றால் சீழ் என்றே நினைக்க வேண்டும் என்றார். இரண்டையும் பிரித்தறிய, நுண்குமிழிகள் கொண்ட மருந்தை நரம்பில் ஏற்றிப் பார்க்கும் முறையும் இருக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை. 4 சென்ரிமீற்றர் அளவான சீழ்க்கட்டி என்று அறிக்கையில் எழுதினார்.

அன்றே விடுதியில் சேர்த்தார்கள். சீழ் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று ஒரு சீ.டீ. ஸ்கேன், இடுப்பின் உட்தசைவரை அது போகவில்லை என்று தெரிந்தது. நரம்பு வழியாக நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றினார்கள். பிறகு தோலை மரக்கச் செய்து, ஊசி போகும் பாதையை அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடியே மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்திச் சீழை வடித்தார்கள். காய்ச்சல் விட்டது. வயிற்றைக் கீறாமலே அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டேன். அன்று ஸ்டீரொயிட்டைத் தராமல் நிறுத்தி வைத்த வைத்தியருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

அடுத்து வந்த ஸ்கேன்களில் சீழ் இல்லை. சுவர் 5 மில்லிமீற்றருக்கு இறங்கியிருக்கிறது, இரத்த ஓட்டமும் குறைந்திருக்கிறது. அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை என்பதால் இப்படித் திரும்பத் திரும்பப் பார்க்கத் தயங்க வேண்டியதில்லை. இள வயதிலேயே தொடங்கி ஆயுள் முழுவதும் நீளும் நோய்க்கு இது சிறிய விடயமல்ல. இதற்கும் எல்லைகள் உண்டு. மலக்குடல் இடுப்புக்குள் ஆழமாக இருப்பதால் வயிற்றின் வழியே நன்றாகத் தெரியாது. ஆசனவாயைச் சுற்றிய புரைவழிகளுக்குப் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். உடல் பருமனும் குடற்காற்றும் படத்தை மறைக்கும். பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தும் முடிவு மாறும்.

ஒடுக்கம் முழுவதும் போய்விடவில்லை. அது வீக்கமா, தழும்பா என்பதை அல்ட்ராசவுண்ட் மட்டும் வைத்துத் திட்டமாகச் சொல்ல முடியாது. பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். வீக்கமென்றால் மருந்துக்கு இறங்கும், தழும்பென்றால் இறங்காது. காசநோய்ப் பரிசோதனைகளை மீண்டும் செய்து முடித்து, சத்திரசிகிச்சை நிபுணருடனும் கலந்து பேசிய பின், எதிர்ப்புச் சக்தியை அடக்கி அழற்சியைக் குறைக்கும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசி தொடங்கியிருக்கிறார்கள். ஒடுக்கத்துக்கு முந்திய குடல் இப்போது 2.6 சென்ரிமீற்றர். அது மறுபடியும் விரிந்தால், அல்லது வாந்தியும் முறுக்கு வலியும் திரும்பி வந்தால், அந்தத் துண்டை வெட்டி எடுப்பதைப் பற்றிப் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு அறிக்கையிலும் சுவரின் தடிப்பு, பாதித்த பகுதியின் நீளம், விரிந்த குடலின் அகலம் ஆகியவற்றை எண்ணாகவே எழுதித் தரும்படி கேட்டு வாங்குகிறேன். கேட்டால் எழுதித் தருகிறார்கள்.