நாடாளுமன்ற நிதிக் கட்டுப்பாடு: பட்ஜெட் நூலில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு படிக்கும் முறை

மலேசிய நாடாளுமன்றம் அரசாங்கத்தின் பணத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறது? ஆறாம் படிவத்தின் பெங்காஜியான் அம் (பொதுப்பாடம்), அரசாங்க வேலைக்கான நேர்முகத் தேர்வு, சட்டப் படிப்பின் முதலாண்டு என்று எல்லா இடத்திலும் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவில் தலைகாட்டும். விடைகளோ பெரும்பாலும் ஒரே அச்சு. மக்களவை, மேலவை, தலைமைக் கணக்காய்வாளர், பிஏசி எனும் பொதுக் கணக்குக் குழு என்று பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி. பெயர்கள் சரிதான். யார் முதலில் வருகிறார், யார் கடைசியில் வருகிறார், முன்னவர் கோட்டைவிட்டதைப் பின்னவரால் எந்த அளவுக்குச் சரிசெய்ய முடியும் என்பதுதான் இருக்காது. மதிப்பெண் அங்கேதான் போகிறது.

இதற்கு நல்ல வழி, ஒரே ஒரு செலவைத் தேர்ந்தெடுத்து, அது பட்ஜெட்டில் எழுதப்பட்ட நாளிலிருந்து கணக்கு முடியும் நாள் வரை பின்தொடர்வது. பேராவின் சுங்கை சிப்புட் பிள்ளைகளுக்கு ஊர் மருத்துவமனையே போதும். தாதியர் சம்பளம், மருந்து, புதிய கட்டடம் மூன்றும் மூன்று விதமாக நகர்வதால் பாதிப் பாடம் அதிலேயே அடங்கிவிடும்.

நிதியமைச்சின் இணையத்தளத்தில் கூட்டரசு செலவின மதிப்பீட்டு நூல் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்கள், முழுதும் படிக்க உட்கார்ந்தால் தேர்வே முடிந்துவிடும். சுகாதார அமைச்சின் பக்கத்தை மட்டும் திறங்கள். அங்கே பி.42 என்று ஒரு தலைப்பு எண் இருக்கும். மலாயில் அதை மக்சுட் என்பார்கள். மூன்று எழுத்துக் குறியீடுகள் உண்டு. பெகாலான் பி (B), ஒவ்வோர் ஆண்டும் அவை ஒப்புதல் தரவேண்டிய நடப்புச் செலவு. தங்குங்கான் டி (T), அரசியலமைப்போ சட்டமோ ஏற்கெனவே கட்டாயமாக்கிவிட்ட செலவு. பெம்பாங்குனான், அதாவது மேம்பாடு. இதன் குறியீடு P. தமிழில் எழுதினால் இதுவும் 'பி' ஆகிவிடுவதால் முதலாவதோடு குழம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாதியர் சம்பளமும் மருந்தும் பெகாலானில். சம்பளம் 10000 என்ற தொகுதியிலும், சேவையும் பொருளும் 20000 தொகுதியிலும் வரும். புதிய கட்டடம் மேம்பாட்டில்.

இந்த மூன்று குறியீடுகளைத் தெரிந்தவர் செய்யாத, மற்ற எல்லாரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. 2025 பட்ஜெட் 421 பில்லியன் ரிங்கிட். நடப்புச் செலவு 335, மேம்பாடு 86. செலவழிக்க அனுமதி தரும் மசோதாவுக்கு பெர்பெகாலான் மசோதா என்று பெயர். 'மக்களவை 421 பில்லியனுக்கான பெர்பெகாலான் மசோதாவை நிறைவேற்றியது' என்று எழுதினால் அது தப்பு. அரசியலமைப்பின் 100-ஆவது பிரிவின்படி தங்குங்கான் செலவு அந்த மசோதாவில் சேராது. ஓய்வூதியம், அரசாங்கக் கடனுக்கான கட்டணம், நீதிமன்றத் தீர்ப்பின்படி தரவேண்டிய தொகை ஆகியவை 98-ஆவது பிரிவில் உள்ளன. நீதிபதிகளின் ஊதியமும் தலைமைக் கணக்காய்வாளரின் ஊதியமும் அதே வகை. கடன் கட்டணம் மட்டுமே 50 பில்லியனைத் தாண்டும். இதற்கெல்லாம் வாக்கெடுப்பு கிடையாது. மேம்பாட்டுச் செலவோ 1966-ஆம் ஆண்டு மேம்பாட்டு நிதிச் சட்டத்தின் கீழ் தனித் தீர்மானமாக வருகிறது. ஆக, மசோதாவில் இருப்பது 335-லிருந்து தங்குங்கானைக் கழித்த மீதி.

ஏன் இப்படி என்று கேட்டால் இரண்டு வரியில் பதில் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். ஆளுங்கட்சிக்குப் பிடிக்காத தீர்ப்பு எழுதிய நீதிபதியின் சம்பளத்தை ஆண்டுதோறும் அவையில் வாக்குக்கு விட்டால் நீதிமன்றத்தின் சுதந்திரம் என்னாவது? கடன் கொடுத்தவருக்கும் அதே உத்தரவாதம் தேவை.

அவையில் நடப்பது

நிதியமைச்சரின் பட்ஜெட் உரை வழக்கமாக அக்டோபரில் நடக்கும். பெர்பெகாலான் மசோதாவின் இரண்டாம் வாசிப்பில் அவர் பேசும் உரை அது. பிறகு கொள்கை நிலை விவாதம், அமைச்சர்களின் பதில், வாக்கெடுப்பு. அதன்பின் குழு நிலை. அமைச்சு அமைச்சாகப் பிரித்துப் பார்க்கிற இந்தக் கட்டம்தான் உண்மையான சோதனை. கொள்கை நிலையில் உறுப்பினர்கள் உலகத்தையே பேசலாம். குழு நிலையில் தலைப்பு எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் சொல்லித்தான் பேசவேண்டும். நாடாளுமன்ற இணையத்தளத்தில் நவம்பர், டிசம்பர் மாத ஹன்சார்டுகளை (அவைப் பேச்சுப் பதிவுகளை) திறந்து பி.42 என்று தேடிப் பாருங்கள். எந்த உறுப்பினர் எந்த மருத்துவமனைக்காக எந்த வரியைக் கேட்டார் என்று அப்படியே கிடைக்கும். விடையில் இப்படி ஓர் எடுத்துக்காட்டு இருந்தால், மனப்பாடம் செய்த பத்து விடைகளுக்கு நடுவே உங்களுடையது தனியாகத் தெரியும்.

கேட்கலாமே தவிர, கூட்ட முடியாது. 67-ஆவது பிரிவின்படி வரியையோ செலவையோ தொடும் மசோதாவையும் திருத்தத்தையும் அமைச்சர் மட்டுமே கொண்டுவர முடியும். மேலவையில் தொடங்கவும் முடியாது. எதிர்க்கட்சிக்கு மிஞ்சுவது குறைக்கச் சொல்லும் உரிமை. அமைச்சரின் சம்பளத்தில் 10 ரிங்கிட் குறைக்கக் கோரும் தீர்மானம் அப்படிப்பட்டது. பணத்துக்காக அல்ல, அந்த அமைச்சைப் பற்றிப் பேச நேரம் வாங்குவதற்காக.

வாக்கெடுப்புக்கு 2021 பட்ஜெட் நல்ல எடுத்துக்காட்டு. 2020 நவம்பர் 26 அன்று கொள்கை நிலை குரல் வாக்கில் நிறைவேறியது. எண்ணிப் பார்க்கும் வாக்கெடுப்பு வேண்டுமென்றால் 15 பேர் எழுந்து நிற்கவேண்டும். 13 பேர்தான் நின்றார்கள். டிசம்பர் 15 அன்று மூன்றாம் வாசிப்பு 111-க்கு 108 என்று தப்பியது. பட்ஜெட் தோற்றால் அரசாங்கத்தின் மீது அவைக்கு நம்பிக்கை போய்விட்டதாகக் கருதுவது மரபு. சட்ட வரியாக எங்கும் எழுதப்படவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மேலவை பட்ஜெட்டை நிராகரிக்கலாம் என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். நிராகரித்தாலும் பயனில்லை. 68-ஆவது பிரிவின்படி நிதி மசோதாவை ஒரு மாதத்துக்குள் திருத்தமின்றி மேலவை நிறைவேற்றாவிட்டால் அது நேரே மாமன்னரிடம் போகும். மற்ற மசோதாக்களின் கதை வேறு. பொய்ச் செய்தித் தடைச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவை 2018 செப்டம்பரில் மேலவை தள்ளியது. மக்களவை 2019 அக்டோபரில் அதை மறுபடியும் நிறைவேற்ற வேண்டியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் விளக்கம் தானாகப் புரியும்.

ஜனவரி 1-க்குள் பட்ஜெட் நிறைவேறாவிட்டால் தாதியர் சம்பளம் நிற்குமா? 102-ஆவது பிரிவு இதற்குத்தான். 2023 பட்ஜெட் 2022 அக்டோபர் 7-இல் தாக்கலானது. மூன்றே நாளில் நாடாளுமன்றம் கலைந்தது. தேர்தலுக்குப் பின் டிசம்பரில், அடுத்த ஆண்டின் முதல் மாதங்களுக்கு மட்டும் சுமார் 107.7 பில்லியன் ரிங்கிட்டை முன்கணக்காக எடுக்க அவை அனுமதித்தது. முழு பட்ஜெட் 2023 பிப்ரவரி 24-இல் மீண்டும் வந்தது.

பணம் நடக்கும் ஆண்டு

இந்தப் பகுதியை எல்லாரும் தாவிவிடுகிறார்கள். சட்டம் வந்தவுடன் பணம் வெளியே போகாது. நிதியமைச்சரின் வாரான், அதாவது பணம் எடுப்பதற்கான ஆணை வேண்டும். அமைச்சின் தலைமைச் செயலாளர் பொறுப்பதிகாரி, மலாயில் பெகாவாய் பெங்காவால். பின்னால் பிஏசி முன் உட்கார்ந்து பதில் சொல்லப்போகிறவர் அவரே. ஒரு தலைப்புக்குள் மருந்துக்கான பணத்தைப் பராமரிப்புக்கு மாற்ற கருவூல விதிகளின்படி முடியும், அவைக்கு வரவேண்டியதில்லை. ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாற்ற முடியாது. போதாமல் போனால் 101-ஆவது பிரிவின் கீழ் துணை பெர்பெகாலான் மசோதா. திடீர் அவசரத்துக்கு 103-ஆவது பிரிவின் எதிர்பாராச் செலவு நிதி. ஆனால் எடுத்ததைப் பிறகு துணை மதிப்பீட்டில் அவையிடம் காட்டவேண்டும். பணம் போனபின் வரும் துணை மசோதாவில் அவைக்கு என்ன பிடி இருக்கிறது என்பது, ஆய்வுக் கேள்விக்கு நல்ல வாதம்.

வரிப்பக்கம்

96-ஆவது பிரிவு சுருக்கமானது: கூட்டரசுச் சட்டத்தாலோ அச்சட்டம் தரும் அதிகாரத்தாலோ அன்றி எந்த வரியும் விதிக்கக்கூடாது. பின்பாதி முக்கியம். 2018 ஜூன் 1-இல் ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) 6 விழுக்காட்டிலிருந்து சுழியம் ஆனது நாடாளுமன்றம் கூடுவதற்கு முன்பே. ஏற்கெனவே இருந்த சட்டத்தின் கீழ் அமைச்சரின் ஆணை அதைச் செய்தது. ரத்துச் சட்டம் ஆகஸ்டில்தான் அவையில் நிறைவேறியது, எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) செப்டம்பர் 1-இல் திரும்பியது. 'ஜூனில் நாடாளுமன்றம் ஒழித்தது' என்று எழுதுபவர்கள் பாடத்தின் மையத்தையே தவறவிடுகிறார்கள்.

தோட்டப்புறத்துக்கு நெருக்கமானது செம்பனை மீதான எதிர்பாரா இலாபத் தீர்வை. 1998-ஆம் ஆண்டுச் சட்டம் அது. எண்ணெய் விலை ஒரு வரம்பைத் தாண்டினால் பெரிய தோட்டங்கள் கட்டவேண்டும். தீபகற்பத்தில் டன்னுக்கு 3,000 ரிங்கிட்டாக இருந்த வரம்பு 2025 பட்ஜெட்டில் 3,150 ஆனது.

பெர்பெகாலான் மசோதாவையும் கெவாங்கான் மசோதாவையும் குழப்பாதீர்கள். முன்னது செலவழிக்க அனுமதி. பின்னது வருமான வரிச் சட்டம் போன்றவற்றைத் திருத்துவது. தேர்வில் வேகமாக எழுதும்போது இரண்டும் இடம் மாறும்.

கணக்குப் பார்ப்பவர்கள்

அகாவுந்தான் நெகாரா கணக்கைத் தயாரிப்பவர், கெத்துவா ஆடிட் நெகாரா, அதாவது தலைமைக் கணக்காய்வாளர், அதைச் சோதிப்பவர். பின்னவரை 105-ஆவது பிரிவின்படி, பிரதமரின் ஆலோசனையின் பேரில், ஆட்சியாளர்கள் மாநாட்டைக் கலந்தபின் மாமன்னர் நியமிக்கிறார். நாடாளுமன்றம் நியமிப்பதில்லை. கூட்டரசு நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில் தவிர அவரை நீக்க முடியாது. அதே பதவிக்கு மறுபடி வரலாம், வேறு அரசாங்கப் பதவிக்குப் போக முடியாது. அடுத்த நாற்காலிக்காக வளைந்துகொடுக்கும் ஆசைக்கு வாசலை அடைத்திருக்கிறார்கள். 107-ஆவது பிரிவின்படி அறிக்கை மாமன்னரிடம் போய், அவர் வழியாக மக்களவைக்கு வரும். 2025-இல் வாங்கிய மருந்தின் முழு ஆண்டுக் கணக்கு 2026-க்கு முன் சோதிக்கப்படாது. இந்தத் தாமதத்தைக் குறையாக எழுதலாம்.

பிஏசி மக்களவையின் 77-ஆவது கூட்ட விதியில் உருவானது. தலைவர், துணைத்தலைவர், அவர்களோடு 6 முதல் 12 உறுப்பினர்கள், அமைச்சர்களுக்கு இடமில்லை. எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் தலைவராவது அண்மைய வழக்கம், விதியின் கட்டாயமல்ல. ஆறு கரையோரப் போர்க்கப்பல்களின் விவகாரம் பற்றிய அதன் 2022 ஆகஸ்ட் அறிக்கை நல்ல சான்று: 9 பில்லியன் ரிங்கிட் ஒப்பந்தத்தில் 6 பில்லியனுக்கு மேல் கொடுத்தாகிவிட்டது, ஒரு கப்பல்கூட வந்துசேரவில்லை. பிஏசியால் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர முடிந்தது. பணத்தைத் திரும்ப வாங்கவோ யாரையும் தண்டிக்கவோ அதிகாரமில்லை. அதிகாரியிடமிருந்து பணத்தை வசூலிக்கும் கூடுதல் விதிப்பு 1957-ஆம் ஆண்டு நிதி நடைமுறைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவில், நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. எதிர்மறைச் சான்று வேண்டுமென்றால் 1எம்டிபி எனும் அரசாங்க முதலீட்டு நிறுவனம்: தணிக்கை அறிக்கையையே அரசாங்க இரகசியச் சட்டத்தின் கீழ் பூட்டி வைத்து, 2018 மே மாதத்தில்தான் திறந்தார்கள்.

புதிய விஷயம் எழுத விரும்பினால் 2023-ஆம் ஆண்டு பொது நிதி மற்றும் நிதிப் பொறுப்புச் சட்டம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கடன் 60 விழுக்காட்டுக்கு மேல் போகாமலிருப்பது, பற்றாக்குறையை நடுத்தவணையில் 3 விழுக்காட்டுக்குள் கொண்டுவருவது, மேம்பாட்டுச் செலவு 3 விழுக்காட்டுக்குக் குறையாமலிருப்பது, அரசாங்க உத்தரவாதம் 25 விழுக்காட்டுக்குள் நிற்பது. நான்கு எண்களையும் எழுதினால் போதும். கட்டுரையை இதிலேயே ஓட்டவேண்டாம்.

மாநிலம் என்று கேட்டால்

ஊர்ப் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கே. தோட்டம் கட்டும் நிலவரி மாநிலத்துக்கு. கடைவீதிக் கட்டடத்தின் சுக்காய் பிந்து (மதிப்பீட்டு வரி) நகராண்மைக் கழகத்துக்கு. கம்பெனியின் வருமான வரி கூட்டரசுக்கு. அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையின் மூன்றாம் பகுதியில் மாநில வருமானங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் முதல் வரி கள்ளுக்கடை வருமானம். நிலம், சுரங்கம், காடு அதற்கு அடுத்துத்தான். தோட்டத்துக் கள்ளுக்கடை அரசியலமைப்பிலேயே இடம்பிடித்திருப்பதைப் பார்த்தவர்கள் அந்த அட்டவணையை மறக்கமாட்டார்கள்.

மாநிலக் கணக்கையும் அதே தலைமைக் கணக்காய்வாளர்தான் சோதிக்கிறார். ஆனால் அறிக்கை சுல்தானிடம் போய், அவர் வழியாக மாநிலச் சட்டமன்றத்துக்கு வரும். பேராவின் நிலவரி பற்றிய கேள்விக்குக் கோலாலம்பூர் மக்களவையை எழுதிவிடாதீர்கள். அதேபோல், தோட்டத்துக்குள் இருக்கும் தனியார் பாதை குண்டும் குழியுமாக இருப்பதற்கு 109-ஆவது பிரிவின் மாநிலச் சாலை மானியத்தை எடுத்துக்காட்டாகத் தரக்கூடாது. அந்த மானியம் மாநிலச் சாலைகளுக்கு உரியது.

எழுதும்போது மலாய்ச் சொற்களைச் சரியாக எழுதுங்கள். தமிழில் புரிந்துகொண்டு மலாயில் எழுதும்போதுதான் தங்குங்கானும் பெகாலானும் மாறிப்போகும். பிரிவு எண்களில் 96, 97 (அரசாங்க வருமானம் சேரும் திரட்டு நிதி), 98, 100, 101, 105, 107 ஏழும் கட்டாயம். 67, 68 இரண்டும் இருந்தால் மேல். எண்ணில் சந்தேகம் இருந்தால் எண்ணை விட்டுவிட்டு விதியை மட்டும் எழுதுங்கள். பங்கு என்ன என்று மட்டும் கேட்டால் மேலே சொன்ன கால வரிசை போதும். எவ்வளவு பயனளிக்கிறது என்று கேட்டால், ஒவ்வொரு கட்டத்திலும் அவையால் முடிந்தது, முடியாதது இரண்டையும் அந்தந்தப் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். குறைகளையெல்லாம் கடைசிப் பத்திக்கு ஒதுக்கி வைத்தால், நேரம் முடியும்போது முதலில் பறிபோவது அந்தப் பத்திதான்.