1000 லிட்டர் கொப்பரை, 2000 லிட்டர் டாங்க்: ஒரு சிறு பீர் ஆலையின் நாட்குறிப்பு

மார்ச் 2

2000 லிட்டர் டாங்க் இரண்டு வந்து இறங்கின. கொப்பரை பழைய 1000 லிட்டர்தான், அதைத் தொடப்போவதில்லை. ஒரு காய்ச்சு ஒரே பகலில் முடிந்துவிடும். ஆனால் அந்த பீர் டாங்க்கில் வெதுவெதுப்பில் நொதிக்கும் ஏல் வகை என்றால் இரண்டு வாரம், குளிரில் மெதுவாக நொதிக்கும் லேகர் வகை என்றால் ஐந்தாறு வாரம் கிடக்கும். ஒரு டாங்க்கில் வருஷத்துக்கு ஏல் 26 முறை போடலாம். லேகர் ஒன்பது பத்து முறைக்கு மேல் போகாது. டாங்க் காலியாகும்வரை கொப்பரைக்கு வேலை இல்லை. சிறு ஆலை வளர்வது குளிர்ப்பக்கத்தில், அதாவது நொதிக்கும் டாங்க்குகளில்தான்.

கலிபோர்னியாவின் சொனோமாவில் 1976-இல் ஜாக் மெக்காலிஃப் தொடங்கிய நியூ ஆல்பியன், தடவைக்கு ஒன்றரை பீப்பாய், அதாவது சுமார் 175 லிட்டர் காய்ச்சியது. பீருக்குப் பேர் இருந்தும் 1982-இல் மூட வேண்டி வந்தது. டாங்க் கழுவ, ஈஸ்ட் எடுக்க, பாட்டிலில் அடைக்கத் தயார் செய்ய ஆகும் பாடு 175 லிட்டருக்கும் 2000 லிட்டருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அந்த அளவில் கட்டுப்படியாகாது.

மார்ச் 5

குளிரூட்டிக் கணக்கு. நொதிக்கும்போது வரும் சூட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டு வாங்குவது வழக்கமான தப்பு. நொதிக்கும் சர்க்கரைச் சத்து கிலோவுக்குச் சுமார் 587 கிலோஜூல் வெப்பம் தரும். எங்கள் பேல் ஏலில் 2000 லிட்டருக்கு ஏறத்தாழ 160 கிலோ சத்து நொதிக்கும்; மும்முரமான நாளில் அதில் பாதி என்று வைத்தாலும் அரை கிலோவாட்டுக்குச் சற்று மேல்தான். ஆனால் முடிந்த பீரை ஒரே நாளில் 20 டிகிரியிலிருந்து 2-க்கு இறக்க, இடைவிடாமல் 1.7 கிலோவாட் வேண்டும். அதற்கும் மேலே குழாயில் வீணாகும் குளிர். இரண்டு டாங்க்கையும் ஒரே நாளில் இறக்கினால், டாங்க்குகளைச் சுற்றி ஓடும் குளிர்திரவமான கிளைக்கால் சூடேறி, மூன்றாவதாக நொதித்துக்கொண்டிருக்கும் டாங்க் கைமீறிப் போகும். ஆகவே ஒரு நாளில் ஒரு டாங்க்தான் இறங்கும் என்று பலகையில் எழுதியாயிற்று.

கிளைக்கால் கலவை 33 சதவீதம், வெப்பநிலை மைனஸ் 3. அளவு குறைந்தால் குளிரூட்டிக்குள் பனிக்கட்டி கட்டும். கூடினால் கலவை தடித்து பம்ப் திணறும். உணவுத் தர புரொப்பிலீன் கிளைக்கால் மட்டும்தான். எத்திலீன் கிளைக்கால் விஷம்; ஒரு பொத்தல் போதும் பீரில் கலக்க.

மார்ச் 9

புது டாங்க் கழுவல். வெல்டிங் எண்ணெய் போக 2 சதவீதக் காஸ்டிக் சோடா, 70 டிகிரியில் அரை மணி. அலசி, சிட்ரிக் அமிலம் சுற்றவிட்டு, காற்றில் உலரவிட்டோம். எஃகின் மேல் காப்புப் படலம் உருவாவது இந்தக் கட்டத்தில்தான்.

பிறகு ரைபோஃபிளேவின் சோதனை. அந்த வைட்டமினைத் தண்ணீரில் கரைத்து உட்சுவர் முழுக்கத் தெளித்து, உள்ளே நீர் பீய்ச்சிக் கழுவும் பந்தை ஓடவிட்டு, புற ஊதா விளக்கை உள்ளே நீட்டிப் பார்க்க வேண்டும். கழுவல் எட்டாத இடம் பச்சை மஞ்சளாக மின்னும். ஆள்துளை மூடியின் அடிவிளிம்பிலும், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) போடும் கழுத்தின் ஒரு பக்கத்திலும் பிறை வடிவில் மின்னியது. கழுத்தைக் கழுவத் தனிக் குழாய் வைத்தாயிற்று. மூடியின் கேஸ்கெட்டை ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கையால் தேய்க்க வேண்டும்.

வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டியது: பீர் காலியான டாங்க்கில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும். காஸ்டிக் அதை உறிஞ்சும். 2000 லிட்டர் வாயு தின்னும் காஸ்டிக் ஆறரை கிலோவுக்கு மேல். நூறு லிட்டர் கழுவல் நீரில் இருப்பதோ இரண்டே கிலோ. கழுவும் வலு போவதோடு, மூடிய டாங்க்கில் வெற்றிடம் உண்டாகி எஃகு உள்ளே நசுங்கும். சூடான டாங்க்கில் சட்டென்று குளிர்நீர் விட்டாலும் இதே கதிதான். மேல்வால்வைத் திறந்து, காற்றடித்து வாயுவை வெளியேற்றிய பிறகே காஸ்டிக். வெளியேறும் வாயு தரையில் தேங்கும். அறையின் கதவும் திறந்திருக்க வேண்டும்.

மார்ச் 14

பேல் ஏல், அடுத்தடுத்து இரண்டு காய்ச்சு, ஒரே டாங்க்குக்குள். ஒவ்வொன்றுக்கும் 200 கிலோ மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்): 180 பேல், 14 மியூனிக், 6 கோதுமை. தானியம் 25 டிகிரி, தண்ணீர் 550 லிட்டர் 72 டிகிரி. ஊறல் 66-இல் நின்றது. அமிலக் காரநிலை 5.3. ஒரு மணி நேரம்.

இரண்டாவது ஊறல் வடியச் சுணங்கியது. புது மூட்டை மால்ட்டின் மணி பெரியது. அரவை இடைவெளி அதே. சல்லடையில் போட்டால் மாவு மிகுந்து உமி கிழிந்திருந்தது. உமி முழுசாக இருந்தால்தான் அது சல்லடையாக நின்று வடிக்கும். பம்ப்பைக் கூட்டினால் படுகை இன்னும் இறுகும். நிறுத்தி, அடியிலிருந்து 76 டிகிரி வெந்நீர் ஏற்றி, படுகையை மிதக்கவிட்டு, பத்து நிமிஷம் கழித்து மெதுவாகத் திறந்தால் வடியும், வடிந்தது. மேலே ஊற்றும் நீர் 78-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் உமியின் துவர்ப்பு இறங்கும்.

கொப்பரை மாறாததால் கசப்பில் மாற்றம் வராது. மாறப்போவது நொதித்தல். உயரமான டாங்க்கின் அடியில் அழுத்தமும் கரைந்த வாயுவும் கூடுதல். ஈஸ்ட் பழவாசனையைக் குறைத்தே தரும். அதை ஈடுகட்ட 18-க்குப் பதில் 19 டிகிரி.

ஈஸ்ட் மில்லிலிட்டருக்கு 90 லட்சம் செல். கைவசமுள்ள குழம்பில் மில்லிலிட்டருக்கு 100 கோடி. 2000 லிட்டருக்கு 18 லிட்டர் குழம்பு. செத்த செல்லை நீலமாகக் காட்டும் மெத்திலீன் நீலச் சாயத்தில் பத்தில் ஒன்று செத்திருந்ததால் 20 லிட்டர். முழுவதும் முதல் காய்ச்சிலேயே, ஆக்சிஜனோடு. இரண்டாவது அதே வெப்பத்தில் எட்டு மணி நேரத்துக்குள் சேர வேண்டும். நாலைந்து டிகிரி குளிர்ந்து வந்தால் ஈஸ்ட் சுருண்டு அடியில் படுத்துவிடும்.

மார்ச் 18

கிராவிட்டி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; சர்க்கரை தீரத் தீர இறங்கும்) 1.048-இலிருந்து 1.011. ஹாப்ஸ் 10 கிலோ போட்டாயிற்று, லிட்டருக்கு 5 கிராம். பீரில் கரைந்திருக்கும் வாயு ஹாப்ஸ் பட்டதும் ஒரேயடியாகப் பொங்கும். முதலில் ஒரு கைப்பிடி போட்டு, அடங்கியபின் மீதி.

மார்ச் 21

கிராவிட்டி 1.009. நின்றுவிட்ட நொதித்தல் மறுபடி நகர்கிறது. ஹாப்ஸிலேயே என்சைம் உண்டு. ஈஸ்ட் தின்னாமல் விட்ட பெரிய சர்க்கரையை அது உடைத்துக் கொடுக்கும். கூடவே வெண்ணெய் வாசனை தரும் டையசெட்டிலும் திரும்பும். பார்க்கும் முறை: இரண்டு மூடிய குப்பிகளில் பீர், ஒன்றை 60 டிகிரி நீரில் அரை மணி வைத்து, ஆறவிட்டு, இரண்டையும் முகர வேண்டும். சூடாக்காதது சுத்தம். சூடாக்கியதில் தெளிவாக வெண்ணெய் வாசனை. இப்போது குளிர்வித்தால் ஈஸ்ட் தூங்கிவிடும். அந்த வாசனை கெக்கில் (பீர் அடைக்கும் எஃகுப் பீப்பாயில்), வாங்கியவர் கையில்தான் வெளிப்படும்.

குளிர்க்கிடங்கில் பேல் ஏல் அநேகமாகத் தீர்ந்துவிட்டது. ஆனாலும் டாங்க் நிற்கிறது. வளரும் ஆலைகள் பேர் கெடுத்துக்கொள்வது இந்த இரண்டு நாளில்தான். கலிபோர்னியாவின் சியரா நெவாடா ஆலையில் கென் கிராஸ்மன் 1980-இல் தன் பேல் ஏலின் முதல் காய்ச்சுகளை, ஒன்றுபோல் ஒன்று வரும்வரை, கொட்டியே விட்டார். சிறு ஆலைக்குக் கொட்டுவது பெரிய நஷ்டம். காத்திருப்பது அவ்வளவு இல்லை.

மார்ச் 24

1.009-இலேயே இருக்கிறது. இரண்டு குப்பியும் ஒரே வாசனை. குளிர இறக்கம் தொடக்கம்.

மார்ச் 27

கெக் நிரப்பல். கெக்கில் வாயுவை மட்டும் ஊதினால் காற்று கலந்தே இருக்கும். விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, கார்பன் டை ஆக்சைடால் அதைத் தள்ளி வெளியேற்றுவதுதான் நம்பகம். ஆக்சிஜன் மானியில் 50 பிபிபிக்கு (நூறு கோடியில் 50 பங்கு) கீழே இருக்க வேண்டும். முதல் கெக்கில் 140. காரணம் குழாயில் நின்ற காற்று. குழாய் முழுக்கப் பீர் ஓடியபின் 35. முதல் கெக்கைத் தனியே குறியிட்டு, இங்கேயே சீக்கிரம் தீர்க்க வைத்தோம். ஹாப்ஸ் மிகுந்த பீரில் ஆக்சிஜன் புகுந்தால் முதலில் வாசனை மங்கும், பிறகு நிறம் கறுக்கும்.

2 டிகிரி, 0.7 பார், லிட்டருக்குச் சுமார் 5 கிராம் வாயு.

ருசி: பழைய டாங்க் பீரைவிடச் சற்றுச் சுத்தம், பழவாசனை கொஞ்சம் குறைவு. அடுத்த தடவை 19.5.

ஏப்ரல் 4

இரண்டாவது டாங்க்கில் பில்ஸ்னர், 10 டிகிரி. ஈஸ்ட் இரண்டு மடங்கு. நாற்பது நாள் பிடிக்கும். அதே டாங்க்கில் கிட்டத்தட்ட மூன்று ஏல் வந்திருக்கும். கணக்குப் பார்த்தால் லேகர் நஷ்டம் மாதிரித்தான். ஆனால் ஹாப்ஸோ வறுத்த மால்ட்டோ மறைத்துக் காப்பாற்றாத பீர் இது; கழுவலில், ஈஸ்ட்டில், ஆக்சிஜனில் எங்கே தளர்ச்சி இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அது டாங்க்கில் இருக்க வேண்டும்.

பேல் ஏல் ஈஸ்ட் 22 லிட்டர் 2 டிகிரியில் எடுத்து வைத்திருக்கிறது. ஏப்ரல் 7-க்குள் அடுத்த காய்ச்சு போட்டாக வேண்டும். அரவை இடைவெளி 1.2 மில்லிமீட்டருக்கு மாற்றியாயிற்று.