காலில் இறங்கும் இடுப்பு வலி: சியாட்டிகாவைப் பற்றிச் சில குறிப்புகள்

எனக்குச் சியாட்டிகா என்று தெரிந்த பிறகு பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்டது, எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா என்பதுதான். எந்த ஜவ்வு விலகியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. வலி எந்த இடம் வரை இறங்குகிறது, கட்டைவிரலை மேலே தூக்க முடிகிறதா, சிறுநீர் வழக்கம்போல் போகிறதா என்று யாரும் கேட்கவில்லை. இந்த வலியில் எதற்கு அஞ்ச வேண்டும், எதைப் பொறுத்துக்கொண்டு காத்திருக்கலாம் என்பதை எனக்குத் தெளிவாக்கியவையோ பின்னர் பிசியோதெரபிஸ்ட் கேட்ட இந்தக் கேள்விகள்தாம்.

இடுப்பில் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளை ஒட்டியும் அதற்குக் கீழே முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக எலும்பிலிருந்தும் புறப்படும் ஐந்து நரம்பு வேர்கள் ஒன்றுகூடி சியாட்டிக் நரம்பாகின்றன. உடலிலேயே மிகத் தடித்த நரம்பு இதுதான். பிட்டத்தின் ஆழத்தில் பிரிஃபார்மிஸ் என்னும் தசைக்குக் கீழே வெளிப்பட்டு, தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை செல்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இந்த நரம்பில் இருப்பதில்லை. அதன் வேர், முதுகெலும்பை விட்டு வெளியேறும் இடத்தில் நசுங்குகிறது. வலி மட்டும் வேரில் தங்காமல் கெண்டைக்காலிலும் பாதத்திலும் தெரிகிறது. அதனால்தான் காலில் தைலம் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தாலும் பலன் கிடைப்பதில்லை.

முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டைத்தான் நம் ஊரில் ஜவ்வு என்கிறோம். அதன் வெளிப்புறம் நார் வளையங்களாலும் உட்புறம் கூழ் போன்ற பொருளாலும் ஆனது. வளையம் கிழிந்து கூழ் பிதுங்கினால் அருகிலுள்ள வேரை அழுத்துகிறது. இந்தத் தொடர்பை 1934இல் பாஸ்டன் நகரின் மிக்ஸ்டர், பார் என்னும் இரு அறுவை மருத்துவர்கள் விளக்கமாக எழுதினார்கள். ஆனால் அழுத்தம் கதையின் ஒரு பாதிதான். பிதுங்கிய கூழ், வேரைச் சுற்றி ஒரு வீக்கத்தையும் அழற்சியையும் கிளப்புகிறது. சிறு பிதுக்கம் உள்ள ஒருவர் படுக்கையில் புரளக்கூட முடியாமல் தவிப்பதும், பெரிய பிதுக்கம் உள்ள இன்னொருவர் பஸ் பிடித்து வேலைக்குப் போவதும் இதனால்தான். இருமினாலோ தும்மினாலோ முக்கினாலோ காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் வலி இறங்கினால், வேர் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று ஐயுறலாம்.

வலியின் பாதையே ஒரு வரைபடமாக உதவும். இடுப்பு வட்டுப் பிதுக்கங்களில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு மட்டங்களிலேயே, அதாவது அடியிலுள்ள இரண்டு வட்டுகளிலேயே ஏற்படுகின்றன. எல்5 வேர், அதாவது இடுப்பின் ஐந்தாம் வேர் பாதிக்கப்பட்டால் காலின் வெளிப்புறமாக இறங்கிப் புறங்காலிலும் கட்டைவிரலிலும் வலியோ மரமரப்போ தோன்றும்; குதிகாலை ஊன்றி, விரல்களைத் தூக்கி நடப்பது கடினமாகும். எஸ்1 வேர், அதாவது திரிகத்தின் முதல் வேர் என்றால் கெண்டைக்காலின் பின்புறம், உள்ளங்கால், சுண்டுவிரல் ஓரம் என்று வலி போகும். நுனிக்காலில் எழும்பி நிற்க முடியாது. படுத்த நிலையில் மருத்துவர் காலை நீட்டியபடியே மெல்ல உயர்த்த, 30 முதல் 70 பாகைக்குள் காலில் வலி பாய்ந்தால் அதுவும் ஒரு சான்று. ஆனால் தொடையின் பின்தசை இழுப்பதை வேர் வலி என்று எண்ணிவிடக் கூடாது.

காலில் வரும் வலியெல்லாம் சியாட்டிகாவும் அன்று. சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி எரிச்சல் இருந்தால் பெரும்பாலும் காரணம் வேறு. முதியவர்களுக்குச் சிறிது தூரம் நடந்ததும் இரு கால்களும் கனத்து, குனிந்தாலோ உட்கார்ந்தாலோ இலேசானால், தண்டுவடப் பாதை குறுகியிருக்கலாம்.

இனி எம்.ஆர்.ஐ.க்கு வருகிறேன். முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1994இல் அமெரிக்காவில் வெளியானது. அவர்களில் எல்லா மட்டங்களிலும் வட்டு இயல்பாக இருந்தவர்கள் 36 விழுக்காடு மட்டுமே. 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மட்டத்திலாவது வட்டு புடைத்திருந்தது. வலியில்லாதவர்களைப் பற்றிய ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் இந்தப் புடைப்பு இருந்தது. ‘டிஸ்க் பல்ஜ்’ (வட்டுப் புடைப்பு), ‘டீஜெனரேஷன்’ (தேய்மானம்) என்ற சொற்களை அறிக்கையில் படித்ததும் முதுகெலும்பே உளுத்துப் போய்விட்டது என்று எண்ணிக் குனியவும் நிமிரவும் அஞ்சுபவர்களை நான் அறிவேன். ஸ்கேன் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கால் பலவீனமாகிக்கொண்டே வந்தாலோ, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு ஆகியவை இருந்தாலோ உடனே எடுக்கத்தான் வேண்டும். முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இவை எதுவும் இல்லாதவர்கள் சில வாரங்கள் பொறுத்து, வலி அடங்காமல் ஊசியோ அறுவையோ தேவைப்படும் கட்டத்தில் எடுத்தால் போதும்.

பிதுங்கிய பகுதி காலப்போக்கில் தானாகவே சுருங்கக்கூடும் என்பதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையான ஆறுதல் கிடைத்தது. அதிலும், துண்டாகப் பிரிந்து வெளியே வந்துவிட்ட பெரிய பிதுக்கங்களே அதிகம் கரைகின்றன. உடலின் காப்பணுக்கள் அவற்றை அந்நியப் பொருளாகக் கருதித் தின்றுவிடுகின்றன.

அதுவரை படுத்தே கிடக்க வேண்டுமா? நெதர்லாந்தில் 183 சியாட்டிகா நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு வாரம் படுக்கையில் ஓய்வெடுக்கச் சொல்லி, மற்றவர்களை இயன்றவரை நடமாடவிட்டுப் பார்த்து, முடிவை 1999இல் வெளியிட்டார்கள். பன்னிரண்டாம் வாரத்தில் இரு பிரிவிலும் 87 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். கடும் வலியுள்ள ஓரிரு நாள் படுப்பதில் தவறில்லை. அதற்கு மேல் படுத்துக்கிடந்தால் தசைதான் தளரும். கட்டாந்தரையில் படுத்தால் இடுப்பு நேராகும் என்ற அறிவுரையும் எனக்குத் தாராளமாகக் கிடைத்தது. நாட்பட்ட முதுகு வலிக்காரர்களிடம் ஸ்பெயினில் நடந்த ஆய்வில் கல்போன்ற மெத்தையைவிட நடுத்தரக் கடினம் உள்ள மெத்தையே நன்மை செய்தது. ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை, மல்லாந்து படுத்தால் முழங்கால்களுக்குக் கீழே ஒன்று என்று வைத்துக்கொண்ட பிறகே எனக்குத் தூக்கம் வந்தது.

தொடர்ந்து உட்கார்ந்திருப்பதுதான் பலருக்கும் வலியைக் கிளப்புகிறது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது, பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்துவிடுவது, குண்டும் குழியுமான சாலையில் டூவீலரைச் சில வாரம் தவிர்ப்பது, பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்காராமல் இருப்பது, குனிந்தபடி தண்ணீர்க் குடத்தையோ கேஸ் சிலிண்டரையோ உடலைத் திருப்பித் தூக்காமல் இருப்பது ஆகியவை செலவில்லாத சிகிச்சைகள். பயிற்சிகளில் என் பிசியோதெரபிஸ்ட் சொன்ன ஒரு குறிப்பு மிகவும் உதவியது: “பாதத்துல இருக்கற வலி தொடைக்கு ஏறி, அங்கேருந்து இடுப்புக்கு வந்தா நல்லது சார், இடுப்புல கொஞ்சம் கூடினாலும் பயப்படாதீங்க. கீழே இறங்கினா அந்தப் பயிற்சிய நிறுத்திடுங்க.” யூடியூபைப் பார்த்துக் குனிந்து கால்விரலைத் தொட முயல்பவர்கள் இந்த அளவுகோலை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

காலால் பிறந்தவரை அழைத்து வந்து இடுப்பை மிதிக்கச் சொல்லலாம் என்றார் பெரியம்மா. வெறும் தசைப்பிடிப்பாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். வேர் நசுங்கியிருக்கும்போது மிதிப்பதையும் வெடுக்கென்று இழுப்பதையும் நான் ஏற்கமாட்டேன்.

மருந்துகளைப் பொறுத்தவரை, வலி மாத்திரைகள் ஓரளவுக்கே உதவுகின்றன. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் அவற்றை மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்குவது ஆபத்து. நரம்பு மாத்திரை என்று பரவலாக எழுதித் தரப்படும் பிரிகாபலினை ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. ஏற்கெனவே உட்கொள்பவர்கள் திடீரென நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலேயே கழிந்துவிடுவது, மலம் கட்டுப்படாமல் போவது, சைக்கிள் சீட்டில் படும் பகுதி முழுவதும் மரத்துப்போவது, இரு கால்களும் வலுவிழப்பது: இவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தண்டுவடத்தின் கீழே உள்ள நரம்புக் கற்றையே நசுங்குவதன் அடையாளங்கள் இவை. தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடக்கூடும். பாதம் திடீரெனத் தொங்கிப்போனாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்த அவசரங்கள் இல்லாத நிலையில் அறுவை என்பது பெரும்பாலும் வேகத்தைப் பற்றிய முடிவு. ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களாகக் கடும் வலியில் இருந்த 283 பேரை வைத்து நெதர்லாந்தில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை செய்து, மற்றவர்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். உடனே அறுவை செய்துகொண்டவர்கள் விரைவாக வலி நீங்கப்பெற்றார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் தேறிவிட்டதாகக் கூறினார்கள். ஆனால் காத்திருக்கச் சொன்ன பிரிவிலும் 39 விழுக்காட்டினர் பிறகு அறுவைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நான் காத்திருந்தேன், அலுவலகத்தில் விடுப்பு கிடைத்ததால் அது இயன்றது. அன்றாடக் கூலிக்குச் சுமை தூக்குபவருக்கு அதே காத்திருப்பை நான் பரிந்துரைக்க முடியாது. அறுவையைத் தேர்ந்தெடுப்பவர்கள், ஸ்கேனில் தெரியும் பக்கமும் மட்டமும் தம் கால் வலியின் பாதையோடு பொருந்துகின்றனவா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். இந்த அறுவையால் பெரிதும் நீங்குவது கால் வலியே. இடுப்பு வலி அந்த அளவுக்குக் குறைவதில்லை.