பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள்: பாடத்துக்கு வெளியே இருக்கும் மதிப்பெண்கள்

அரையாண்டுத் தேர்வில் என் மகள் ஆங்கிலத்தில் 29 வாங்கியிருந்தாள். மற்ற நான்கு பாடங்களிலும் அறுபதுக்குக் கீழே இறங்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளி, தமிழ் வழி. விடைத்தாளைக் கையில் வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கைடில் இருந்த பத்தியை மனப்பாடம் செய்து எழுதத் தொடங்கியிருக்கிறாள். மூன்றாவது வரியில் ஒரு சொல் மறந்திருக்கிறது, அதோடு அந்த விடை நின்றுவிட்டது. பின்பக்கங்களில் கடிதம், படம், விளம்பரம், வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லும் ரூட் மேப் எதையும் தொடவேயில்லை.

“ஏம்மா இதை விட்ட?”

“அதெல்லாம் புக்ல இல்லம்மா. எதைப் படிச்சுட்டுப் போறது?”

புத்தகத்தில் இல்லாததை எழுத முடியாது என்றே அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அடுத்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் நடந்தது அந்த நம்பிக்கையை மாற்றுகிற வேலைதான். பொதுத்தேர்வுக்குப் பிள்ளையைத் தயார்படுத்தும் பெற்றோருக்கு, அதிலும் ஆங்கிலம் பேசாத வீடுகளுக்கு, உதவும் என்று எழுதுகிறேன்.

நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். டிசம்பர் பிறந்தால் பழைய வினாத்தாள்களைக் கட்டுக் கட்டாக நகலெடுத்துக் கொடுப்போம். எனக்கும் ஒரு செட் எடுத்துக்கொண்டு வந்தேன். நான் பத்தாவது எழுதிய காலத்தில் ஆங்கிலத்துக்கு இரண்டு தாள். 2019-இல் இரண்டையும் ஒன்றாக்கி, 100 மதிப்பெண்ணுக்கு மூன்று மணி நேரத்தில் எழுதும் ஒரே தாளாக மாற்றிவிட்டார்கள். தேர்ச்சிக்கு 35. தாள்களை வரிசையாகப் பரப்பி, எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. உரைநடை, செய்யுள் குறுவினாக்கள் 12. இலக்கணம் 6. ரூட் மேப் 2. உரைநடை, செய்யுள் பத்திகள் 20. துணைப்பாடக் கேள்வி 5. கடிதம், விளம்பரம், அறிவிப்பு, படம், குறிப்பெடுத்தல், பிழை திருத்தம் ஆகிய ஆறில் நான்குக்கு 20. மெமரி போயம், அதாவது மனப்பாடப் பாடல், 5. கடைசியில் எட்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டு. ஒன்று துணைப்பாடக் கதை, இன்னொன்று கொடுத்த பத்தியைப் படித்து விடை எழுதுவது.

இதில் புத்தகப் பாடத்தை மனப்பாடம் செய்யாமலே எழுதக்கூடியவற்றைத் தனியாகக் கூட்டினேன். இலக்கணம் 6, மேப் 2, கடிதம், விளம்பரம் முதலான எழுத்துப் பயிற்சி 20, பத்தி வாசிப்பு 8. ஆகமொத்தம் 36. மகளைக் கூப்பிட்டு அந்தக் கூட்டலைக் காட்டினேன். “இதுலயே பாஸ் வருதாம்மா?” என்று அவளே இன்னொரு முறை கூட்டிப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்ததை அன்றுதான் பார்த்தேன். பாடத்தை விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எதை முதலில் கையில் எடுப்பது என்பதற்குத்தான் அந்தக் கணக்கு.

ரூட் மேப்பில் தொடங்கினோம். இரண்டே மதிப்பெண், ஆனால் அதற்கு மாற்றுக் கேள்வி கிடையாது. எல்லோரும் எழுதியாக வேண்டும். அவளுடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பின்னால் உட்காரவைத்து, “பஸ் ஸ்டாண்டுல இருந்து உன் ஸ்கூலுக்கு வழிய இங்கிலீஷ்லயே சொல்லு தாயி. நீ சொல்ற பக்கந்தான் திருப்புவேன்” என்றார். ‘கோ ஸ்ட்ரெய்ட்’, ‘டேக் தி செகண்ட் லெஃப்ட்’, ‘தி ஸ்கூல் இஸ் ஆன் யுவர் ரைட்’ என்று அவள் சொல்லச் சொல்ல வண்டி திரும்பியது. இடப்பக்கத்துக்கு வலப்பக்கம் என்று மாற்றிச் சொன்னபோது வண்டி சந்துக்குள் போய் நின்றது. வீட்டுக்கு வந்ததும் அதே வழியைத் தாளில் வரைந்து எழுதினாள். வண்டியில் வராத ஒரு சிக்கல் தாளில் வந்தது. மேப்பில் மேலிருந்து கீழே இறங்கும் சாலையில் நடந்தால், தாளைப் பார்ப்பவருக்கு இடப்பக்கமாகத் தெரிவது நடப்பவருக்கு வலப்பக்கம். அதற்கு ஒரே வழி, போகிற திசை நமக்கு எதிரே இருக்கும்படி வினாத்தாளைத் திருப்பி வைத்துக்கொள்வது. தேர்வறையில் தாளைத் திருப்பிப் பிடிப்பதை யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து விளம்பரம். எங்கள் கடையில் பிட் நோட்டீஸ் மலைபோல் கிடக்கும். ஆடித் தள்ளுபடி, புது ஜவுளிக்கடைத் திறப்பு, டைப்ரைட்டிங் வகுப்பு, எல்லாம் வீட்டுக்கு வந்தன. எந்த நோட்டீஸிலும் முழு வாக்கியம் அதிகம் இருக்காது. பெரிய எழுத்தில் பெயர், ஒரு கவர்ச்சியான வரி, சலுகை, முகவரி, சுற்றிலும் ஒரு கட்டம். தேர்விலும் அதேதான் கேட்கிறார்கள். குறிப்புகளைக் கேள்வியிலேயே தந்துவிடுகிறார்கள். இந்த ஐந்து மதிப்பெண்ணை எந்தப் பிள்ளையும் விடக் கூடாது.

கடிதத்துக்கு வடிவம் முக்கியம்: அனுப்புநர், பெறுநர், விளிப்பு, பொருள், முடிப்பு, இடம், தேதி, உறை மேல் முகவரி. சொந்தப் பெயரை எழுதக் கூடாது; கேள்வியில் பெயர் தரவில்லையென்றால் ‘எக்ஸ்எக்ஸ்எக்ஸ்’, ‘ஒய்ஒய்ஒய்’ என்று போட வேண்டும். வடிவம் இரண்டு நாளில் வந்துவிட்டது. உள்ளே எழுதும் நான்கு வரிதான் வரவில்லை. கைடில் இருந்த கடிதங்களை மூடிவைத்துவிட்டு, எங்கள் தெருவில் உண்மையிலேயே இருக்கும் குறைகளை எழுதச் சொன்னேன். தெருவிளக்கு எரியவில்லை, சாயங்காலப் பேருந்து நிற்காமல் போகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை. இவற்றைச் சொல்ல அவளுக்கு நிறைய இருந்தது. முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்வாள். பிறகு ஒரு வாக்கியத்துக்கு ஆறேழு சொல் என்று ஆங்கிலத்தில் எழுதுவாள். சின்ன வாக்கியம் போதும், சரியாக இருந்தால் சரி என்று அவளுடைய ஆங்கில ஆசிரியையும் சொல்லியிருந்தார். மாலைச் சிறப்பு வகுப்பில் அவர் ஒவ்வொரு பிள்ளையின் நோட்டையும் சிவப்பு மையில் திருத்தித் தந்தார். அந்த உழைப்பு இல்லாமல் வீட்டில் நாங்கள் செய்தது பாதிக்கூட நின்றிருக்காது.

படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதும் கேள்வியில்தான் அவளுடைய பிழைகள் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. ‘தி பாய் பிளேயிங்’ என்று எழுதுவாள். நடுவில் ‘இஸ்’ இருக்காது. ஒவ்வொரு வரியிலும் அதையே விட்டிருந்தாள். இலக்கண விதியை எத்தனை முறை சொன்னாலும் கையில் வரவில்லை. காலண்டர் படம், கல்யாண ஆல்பம், பேப்பரில் வந்த புகைப்படம் என்று ஏதாவது ஒன்றைத் தினமும் எடுத்து, அதில் யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று சத்தமாகச் சொல்ல வைத்தேன். ‘தி வுமன் இஸ் குக்கிங்.’ ‘டூ மென் ஆர் கேரியிங் எ பாட்.’ சொல்லிச் சொல்லிக் காதுக்குப் பழகிய பிறகு, ‘இஸ்’ விட்டுப்போனால் அவளுக்கே உறுத்தியது. மொழியை முதலில் காதில் ஏற்ற வேண்டும் என்பதில் எனக்கு இப்போது உறுதியான எண்ணம் உண்டு. மௌனமாக உட்கார்ந்து எழுதி எழுதிப் பார்க்கும் பயிற்சியால் மட்டும் இது வந்திருக்காது.

நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவதற்கு அப்பத்தா உதவினார். அவர் பேசுவதை மகள் முதலில் ஆங்கிலத்தில் சொல்வாள், பிறகு மாற்றுவாள். அப்பத்தா “அசதியா இருக்கு” என்றால் ‘ஐ ஆம் டயர்ட்’. அது ‘கிராண்ட்மதர் செட் தட் ஷி வாஸ் டயர்ட்’ ஆகும். ‘டுமாரோ’ என்றால் ‘தி நெக்ஸ்ட் டே’, ‘ஹியர்’ என்றால் ‘தேர்’. “சாப்டியா?” என்று கேட்டால் ‘ஆஸ்க்ட் இஃப்’ என்று தொடங்க வேண்டும். அப்பத்தாவுக்கும் இதில் உற்சாகம் வந்து, வேண்டுமென்றே கேள்வி கேட்பார்.

பிழை திருத்தத்துக்குப் பழைய வினாத்தாள்களே போதும். சில பிழைகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ‘ஒன் ஆஃப் தி’ என்று வந்தால் அடுத்த பெயர் பன்மையில் இருக்க வேண்டும். ‘ஆல்தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தில் ‘பட்’ வந்தால் எடுத்துவிட வேண்டும். ‘சீனியர்’, ‘ஜூனியர்’ பின்னால் ‘டு’ (to) வரும், ‘தேன்’ (than) வராது. ‘ஹானஸ்ட்’ முன்னால் ‘ஆன்’ (an). இவற்றை ஒரு அட்டையில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினோம். குறிப்பெடுத்தலை அவள் தொடவில்லை. ஆறில் நான்கு எழுதினால் போதும் என்பதால் அதை விட்டதில் நஷ்டமில்லை.

பிப்ரவரியில்தான் பாடத்துக்கு வந்தோம். முதல் பாடம், பறக்கப் பயந்து பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கும் கடற்பறவைக் குஞ்சின் கதை. அதன் பத்தியை அவள் கைடிலிருந்து வரிவரியாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ‘லெட்ஜ்’ என்றால் என்ன என்று கேட்டேன், தெரியவில்லை. கதையைத் தமிழில் முழுசாகச் சொல்லவைத்து, பிறகு எட்டு வாக்கியத்தில் அவள் ஆங்கிலத்திலேயே எழுதவைத்தேன். கைடில் இருக்கும் சொல்லழகு அதில் இல்லைதான். ஆனால் ஒரு சொல் மறந்தாலும் அடுத்த வாக்கியத்துக்குப் போக அவளால் முடிந்தது. மெமரி போயம் மட்டும் மனப்பாடம்தான், வேறு வழியில்லை. அதையும் வரிவரியாகப் பொருள் தெரிந்துகொண்டு, காற்புள்ளி உட்பட எழுதிப் பார்த்தாள்.

பொதுத்தேர்வு நாளில் வினாத்தாள் படிக்கக் கொடுக்கும் பத்து நிமிடத்தில் எழுத்துப் பயிற்சியில் எந்தெந்த நான்கு, உரைநடை, செய்யுள் பத்திகளில் எந்தெந்த இரண்டு என்று மனதுக்குள் குறித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். ஒரு மதிப்பெண் பகுதி முடிந்ததும் நேராக எழுத்துப் பயிற்சிக் கேள்விகளுக்குப் போனாள், பத்திகளைக் கடைசியில் வைத்துக்கொண்டாள். கேள்வி எண்ணைச் சரியாகப் போட்டால் வரிசை மாறுவதில் சிக்கலில்லை. மே மாதம் முடிவு வந்தபோது ஆங்கிலத்தில் 68.

இப்போது பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் எடுத்திருக்கிறாள். பத்தாம் வகுப்புத் தாள் முழுக்க எழுத்துத் தேர்வு. பேச்சுக்கு அதில் இடமில்லை. அதனால் கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளை, யாராவது ஆங்கிலத்தில் பேசினால் இன்னும் தயங்குகிறாள். சாயங்காலம் கடைக்கு வந்தால் கல்லூரி மாணவர்கள் கொடுக்கும் ஆங்கிலத் தாள்களை வாங்கி, எத்தனை பிரதி, ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று ஆங்கிலத்திலேயே கேட்கச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறாள், குரல் மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே வர வேண்டும்.