"கேஸ் கம்மியா இருக்கு சார்"

மதுரையில் ஏசியைச் சோதிக்கப் பங்குனிதான் சரியான மாதம். அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் நாலு நாள் கழித்துத்தான் வருவார். அந்த அவசரத்தில் அதிகம் காதில் விழுவது மேலே உள்ள வாசகம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஆகவே கேஸுக்குக் காசு எடுத்துவைக்கும் முன் மற்றதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

ஃபில்டரைக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். 18 டிகிரியில், ஃபேன் முழு வேகத்தில் 15 நிமிடம் ஓடட்டும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை மேலே காற்று இழுக்கும் இடத்திலும், கீழே வெளிவரும் இடத்திலும் பிடித்துப் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது. அறைதான் சூடு: மேற்கு வெயில் வாங்கும் சுவர், மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறை. கேஸ் அடித்து அதைத் தீர்க்க முடியாது.

வித்தியாசம் குறைவா? அவுட்டோர் யூனிட்டுக்கு வரும் இரண்டு காப்பர் பைப்புகளைப் பாருங்கள். மெல்லிய பைப்பில் மட்டும் பனி பிடித்தால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். தடித்த பைப்பிலும் இன்டோர் காயில் முழுக்கவும் பனி என்றால் பெரும்பாலும் காற்றோட்டம்தான் அடைபட்டிருக்கும். ஃபில்டர், புளோயர், காயிலில் அழுக்கு.

மாசி வீதிப் பக்கத்துச் சந்துகளில் எதிரெதிர் வீட்டு அவுட்டோர்கள் ஒன்றன் முகத்தில் ஒன்று அனல் ஊதுவதைப் பார்க்கலாம். விட்ட சூட்டையே திரும்ப இழுத்தால் எந்த ஏசியும் திணறும். முன்புறம் இரண்டடியாவது வெட்டவெளி வேண்டும். ஏசியின் எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு, அவுட்டோர் காயிலைப் பைப் தண்ணீரில் மெதுவாகக் கழுவினால் போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசியாக நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

இன்வெர்ட்டர் அல்லாத, அதாவது கம்ப்ரசர் ஒரே வேகத்தில் ஓடும் ஏசியில் அடிக்கடி போவது, அந்தக் கம்ப்ரசர் கிளம்ப உதவும் கெப்பாசிட்டர். கம்ப்ரசர் சில நொடி உறுமி நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி உறுமினால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். மேலே 50 மைக்ரோஃபாரட், 5 சதவீதம் கூடக்குறைய என்று போட்டிருந்தால் மீட்டர் 47.5-க்குக் கீழே காட்டக் கூடாது. தலை உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றிவிடலாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் ஷாக் தேங்கியிருக்கும். இதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால், அப்போது கேஸ். காப்பர் பைப்பை யூனிட்டோடு இணைக்கும் ஃப்ளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்க் கறை தெரிகிறதா? சோப்பு நுரை தடவினால் குமிழ் வருகிறதா? கசிவை அடைத்து, நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வாக்குவம் பம்பை அரை மணி நேரமாவது ஓட்டி, பிறகுதான் நிரப்ப வேண்டும். அதுவும் தராசில் நிறுத்து, யூனிட் லேபிளில் உள்ள கிராம் கணக்குப்படி. இன்வெர்ட்டர் கம்ப்ரசரின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளை மட்டும் நம்பி ஏற்றுவது குத்துமதிப்புதான். இப்போதைய பல ஏசிகளில் இருக்கும் ஆர்-32 கேஸ் தீப்பற்றக்கூடிய வாயு. அது உள்ளே இருக்கும்போது பைப்பைப் பற்றவைக்க நெருப்பு டார்ச்சோடு வந்தால் தடுத்துவிடுங்கள்.

தராசு கொண்டுவருவாரா என்பதைப் போனிலேயே கேட்டுக்கொள்ளலாம்.