தட்டான், ஈசல், எறும்பு: மழைக்குறிகளைக் கணக்கு வைத்துப் பார்த்தேன்

தட்டான் தாழப் பறந்தால் மழை. அந்தியில் ஈசல் பூத்தால் அடைமழை. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினாலும் மழை. இதையெல்லாம் கேட்டேதான் வளர்ந்தோம். ஆனால் யாரும் எழுதி வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதனால் இந்த வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு நோட்டுப் போட்டேன்.

முதலில் மழைமானி. இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அதைத் தலைகீழாக அதே பாட்டிலில் செருகினேன். அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் உயரம் வரை தண்ணீர் ஊற்றினேன். அதுதான் சுழியக் கோடு. அங்கிருந்து மேலே ஸ்கேல். வாயும் உடலும் ஒரே அகலம் என்பதால் ஒரு மில்லிமீட்டர் ஏறினால் ஒரு மில்லிமீட்டர் மழை, அதாவது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். மரத்தடியும் சுவரோரமும் ஆகாது. வானிலைத் துறை காலை 8.30க்கு அளப்பதால் நானும் அதே நேரத்தில் அளந்தேன். 2.5 மி.மீ. பெய்தால்தான் அவர்கள் அதை மழை நாள் என்கிறார்கள்; நானும் அதையே வைத்துக்கொண்டேன். தூறலையும் சேர்த்தால் எல்லாச் சொலவடையும் ஜெயித்துவிடும்.

குறி தெரிந்த நாளை மட்டும் எழுதினால் இந்த வேலை வீண். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. ஐப்பசியில் கண்ணை மூடிக்கொண்டு "நாளைக்கு மழை" என்று சொன்னாலும் பல நாள் பலிக்கும். எனவே தட்டான் இல்லாத மாலை, ஈசல் வராத அந்தி எல்லாவற்றையும் எழுதினேன்.

தட்டான் தோற்றது. அக்டோபரில் வயல்மேல் கூட்டமாகத் திரியும் மஞ்சள் தட்டான்களைத்தான் கவனித்தேன். மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை கடல் தாண்டுவதாகக் கருதப்படும் இனம் அது. காற்று பலமாக அடித்தாலும் தாழ இறங்குகின்றன, பூச்சி தரையோரம் திரண்டாலும் இறங்குகின்றன. அவை தாழப் பறந்த மாலைக்கும் பறக்காத மாலைக்கும் மறுநாள் மழையில் வித்தியாசம் தெரியவில்லை.

ஈசல் கதை வேறு. மண் நனைந்து, காற்று அடங்கி, புழுக்கமான அந்தியில்தான் அது புற்றைவிட்டுக் கிளம்புகிறது. ஆக, அது பெய்து முடிந்த மழைக்கு அத்தாட்சி. இந்தப் பருவத்தில் மழை தொடர்ந்தாற்போல் சில நாள் பெய்து, சில நாள் ஓய்வதால் ஒரு மழைக்குப் பின் இன்னொன்று வர வாய்ப்பு அதிகம், சொலவடையும் பலித்துவிடுகிறது. நனைந்த மண்ணில் ஈசல் வராத அந்திகளை எடுத்துப் பார்த்தால் மறுநாள் மழை அப்போதும் அதே அளவுக்குத்தான் இருந்தது. ஈசலுக்குக் கிடைத்த பெயர் முந்தின மழைக்குச் சேர வேண்டியது. (கரிச்சானுக்கும் தேரைக்கும் அன்றைக்கு விருந்து, அதில் சந்தேகமில்லை.)

எறும்புக்குத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குக் குறிப்பு சேரவில்லை. நான் பார்த்தவரை வளைக்குள் தண்ணீர் புகுந்த பிறகே மேடேறின. தூக்கிப்போவதும் பெரும்பாலும் முட்டையல்ல, புழுவும் கூட்டுப்புழுவும்.

உருப்படியாக வேலை செய்தது, நோட்டில் நான் ஒப்புக்குச் சேர்த்த காற்றுத் திசைப் பத்திதான். தாழ்வான மேகம் கிழக்கிலிருந்து ஓடி வந்த நாள்களில் மானி நிறைந்தது. மேற்கிலிருந்து வந்தபோது பெரும்பாலும் ஏமாற்றம். நாம் இருக்கும் வட அரைக்கோளத்தில், காற்று முதுகில் படும்படி நின்றால் காற்றழுத்தத் தாழ்வு இடப்பக்கம் இருக்கும். வாடை அடித்தால் அது இன்னும் கிழக்கே கடலில் இருக்கிறது. காற்று திரும்பித் தெற்கிலிருந்து அடித்தால் நம்மைக் கடந்து மேற்கே போய்விட்டது. கைப்பேசியில் படம் பார்ப்பதற்கு முன் இப்படி ஊகித்துப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

பறவைகள் மழையைச் சொல்லவில்லை, பருவத்தைச் சொல்லின. வலசை வரும் பழுப்புக் கீச்சான் மழைக்கு முன்பே வேலியில் உட்கார்ந்துவிட்டது. அதன்பின் ஆறுமணிக்குருவி; ஆளைக் காண்பது அரிது, விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை மட்டும் கேட்கும். கண்மாய் நிறைந்தால் எல்லாப் பறவையும் கூடும் என்பதும் சரியில்லை. கரை தொடத் தண்ணீர் ஏறியதும் உள்ளான்கள் போய்விட்டன. அவற்றுக்குச் சேறு தெரிய வேண்டும்.

மிச்சமிருப்பது "கார்த்திகைக்குப் பின் மழையில்லை" என்பது. 2023இல் மார்கழி பிறந்த கையோடு, டிசம்பர் 18 காலையில் முடிந்த 24 மணி நேரத்தில், காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. என் பாட்டிலாக இருந்தால் பலமுறை வழிந்திருக்கும். எனவே தை பிறக்கும்வரை மானியை எடுப்பதாக இல்லை. பாட்டிலுக்குப் பதில் நீளமான பி.வி.சி. குழாயில் எண்டு கேப் ஒட்டி நட்டு வைக்கலாமா என்று பார்க்கிறேன். உள்ளே குச்சி விட்டு அளக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.