பிபிஎல் (பிரைவேட் பைலட் லைசென்ஸ்) எடுக்க எவ்வளவு ஆகும்? நம்ம கடற்கரைப் பசங்களுக்காக

ஃபிளையிங் கத்துக்கிட்டு இருக்கேன்னு ஊர்ல தெரிஞ்சதுல இருந்து "எவ்வளவுடா ஆகும், ஒரு கோடியாமே"ன்னு கேக்காத ஆளே இல்ல. தங்கச்சிமடத்துல சித்தப்பா கேட்டாரு, உச்சிப்புளி டீக்கடை அண்ணன் கேட்டாரு, பிளஸ் டூ படிக்கிற பசங்க கேட்டானுங்க. ஒரு கோடிங்கிற வார்த்தை வந்ததும் பேச்சு அங்கயே முடிஞ்சிருது, அதெல்லாம் நமக்கு எங்கப்பான்னு எந்திரிச்சுப் போயிடுறாங்க. எனக்கு அதுதான் மனசு கேக்க மாட்டேங்குது. அந்தக் கணக்கு ஏர்லைன்ஸ்ல வேலைக்குப் போறவங்களோட கணக்கு. 200 மணி நேரம் பறந்து சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) எடுத்து, அதுக்கு மேல ஏர்பஸ்ஸோ போயிங்கோ அந்த ரக விமானத்தை ஓட்டறதுக்கான டைப் ரேட்டிங் பண்ணி, எல்லாம் சேத்தா அந்தப் பக்கம்தான் போகும். பிரைவேட் பைலட் லைசென்ஸ் அதுல மொதப் படி, தனியாவே எடுக்கலாம். 17 வயசு ஆகணும், பத்தாவது பாஸ் ஆகியிருக்கணும், குறைஞ்சது 40 மணி நேரம் பறந்திருக்கணும். இந்த லைசென்ஸை வச்சு காசு வாங்கிட்டு யாரையும் ஏத்திட்டுப் போக முடியாது, வேலை கிடைக்காது, அதையும் மொதல்லயே சொல்லிடறேன். ஆனா பறந்த மணி நேரம் வீண் போகாது, பின்னாடி சிபிஎல் போனா அந்த 200ல சேந்துக்கும்.

இப்ப காசு. நான் விசாரிச்ச வரைக்கும் செஸ்னா 152, 172 மாதிரி ட்ரெய்னிங் விமானத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு 12,000ல இருந்து 18,000 ரூபாய்க்குள்ள சொல்றாங்க. 15,000னு வச்சுக்கிட்டா 40 மணி நேரத்துக்கு 6 லட்சம். ஆனா கரெக்டா நாப்பதுல முடிக்கிறவங்க கம்மி, அம்பது அம்பத்தஞ்சு ஆயிடும், அப்ப ஏழரை லட்சத்துல இருந்து எட்டேகால் லட்சம் வரைக்கும் போயிடும். ஹெட்செட், புக்கு, பரீட்சைக் கட்டணம், மெடிக்கல், வெளியூர்ல ரூம் வாடகை, சாப்பாடு தனி. அதனால யாராவது கேட்டா பத்து லட்சம்னு வச்சுக்கோன்னுதான் சொல்றேன். சின்ன காசு இல்லதான், ஆனா அது ஒரு கோடி இல்ல.

ஏன் மணிக்கு இவ்வளவுன்னு சித்தப்பா திருப்பிக் கேட்டாரு, அவருக்குப் புரியிற மாதிரி சொல்றது ஈசியா இருந்துச்சு. விசைப்படகு வச்சிருக்கவங்க ஒவ்வொரு நடைக்கும் டீசலுக்கு மட்டுமா கணக்குப் பாப்பாங்க, என்னைக்காவது எஞ்சின் இறக்கி வேலை பாக்கணும்னு அதுக்கும் சேத்துத்தான எடுத்து வைப்பாங்க, அதே மாதிரிதான் இதுவும். செஸ்னா 172 எஞ்சினை 2,000 மணி நேரத்துக்கு ஒருக்கா முழுசாப் பிரிச்சு ஓவர்ஹால் பண்ணச் சொல்றாங்க, அது போக 100 மணி நேரத்துக்கு ஒரு இன்ஸ்பெக்ஷன், நாம பறக்கிற ஒவ்வொரு மணியிலயும் அதோட பங்கு இருக்கு. எரிபொருள் ஏவ்கேஸ், பங்க்ல போடுற பெட்ரோல் இல்ல, விலை ஜாஸ்தி, 2022 வரைக்கும் வெளிநாட்டுல இருந்துதான் வந்துச்சு, அப்புறம்தான் இந்தியன் ஆயில் குஜராத் ரிஃபைனரில தயாரிக்க ஆரம்பிச்சாங்க. இன்ஸ்ட்ரக்டர் சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் அதுக்கு மேல. ஒரு நல்ல சேதி, டிஜிசிஏ (விமானத் துறையைக் கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பு) அங்கீகாரம் உள்ள பள்ளியில அங்கீகரிச்ச ஃபிளையிங் கோர்ஸுக்கு ஜிஎஸ்டி கிடையாதுன்னு 2024 செப்டம்பர் கவுன்சில் கூட்டத்துல தெளிவு பண்ணிட்டாங்க. ஃபீஸ் ரசீதுல 18 சதவீதம் போட்டிருந்தா தயங்காம கேளுங்க.

யாரும் முன்னாடியே சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. மணி நேரம்னா வானத்துல இருக்கிற நேரம் மட்டும் இல்ல. பறக்கறதுக்காக விமானம் நின்ன இடத்துல இருந்து நகர்ந்ததுல இருந்து திரும்ப வந்து நிக்கிற வரைக்கும் கணக்கு. பெரிய ஏர்போர்ட்ல கத்துக்கிட்டீங்கன்னா இண்டிகோ இறங்கட்டும், ஏர் இந்தியா ஏறட்டும்னு ரன்வே ஓரத்துல எஞ்சின் ஓடிக்கிட்டே காத்துக்கிட்டு இருப்பீங்க, மீட்டரும் ஓடும். மணிக்கு ரெண்டாயிரம் கம்மின்னு ஒரு இடத்தைப் பிடிச்சு, அங்க தினமும் கால் மணி நேரம் காத்துக் கிடந்தா என்ன லாபம்? டிராஃபிக் கம்மியான ஏர்ஃபீல்டா, எத்தனை விமானம் இப்ப ஓடற நிலைமையில இருக்கு, ஒரு மாணவனுக்கு மாசத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்குது, இதை ரேட்டுக்கு முன்னாடி கேக்கணும்.

ஏன்னா செலவை ஏத்துறது ரேட்டை விட இடைவெளிதான். இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. லேண்டிங் கைக்கு வர்றது தொடர்ந்து செய்யச் செய்யத்தான், வாரத்துக்கு மூணு நாலு தடவை பறக்கிறவன் சட்டுனு சோலோ, அதாவது இன்ஸ்ட்ரக்டர் இல்லாம தனியாப் போயிடுறான், காசு சேர சேரப் பறக்கலாம்னு மாசத்துக்கு ஒருக்கா வர்றவன் ஒவ்வொரு தடவையும் போன தடவை கத்துக்கிட்டதையே திரும்பக் கத்துக்கிறான், பெரிய கேப் விழுந்தா இன்ஸ்ட்ரக்டர் கூட உக்காந்து செக் பண்ணாம தனியா விட மாட்டாங்க, அந்த மணிக்கும் காசு நாமதான் குடுக்கணும். அதனால கையில ரெண்டு லட்சம் இருக்கேன்னு ஆரம்பிச்சிராதீங்க. ஒரு வருசம் பொறுத்தாலும் பரவால்ல, மொத்தக் காசையும் சேத்து வச்சுக்கிட்டு ஒரே மூச்சுல முடிங்க. அதுக்காக மொத்தத்தையும் பள்ளியில முன்பணமாக் கட்டச் சொல்லல, காசு உங்க பேங்க்ல இருக்கட்டும், தவணையா கட்டுங்க.

மழையும் பாக்கணும். திருவனந்தபுரத்துல ராஜீவ் காந்தி அகாடமி ஃபார் ஏவியேஷன் டெக்னாலஜி இருக்கு, அந்தப் பக்கம் ஜூன்ல பருவமழை இறங்கிடும். சென்னைப் பக்கம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. மழைக்கு முந்தின வாரம் போயி சேந்தா ரூம் வாடகைதான் ஓடும். காத்தைப் பத்தி நம்ம ஊர்க்காரனுக்குச் சொல்லவே வேணாம், கச்சான் எப்ப வீசும் வாடை எப்ப வீசும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பழைய பாம்பன் பாலத்துல ரயில் ஓடின காலத்துல மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைக் காத்து தாண்டினா சிக்னல் விழாது, ரயில் நின்னுரும். செஸ்னா 172க்கு பக்கவாட்டுக் காத்துல இறங்கிக் காட்டியிருக்கிற அளவு 15 நாட், கிலோமீட்டர்ல சொன்னா 28 பக்கம்தான், சோலோ போற மாணவனுக்கு அதை விடவும் கம்மியாத்தான் அனுமதிப்பாங்க. கடல் மைல், நாட் கணக்கு இதெல்லாம் படகுல ஜிபிஎஸ் பாத்து வளந்த பசங்களுக்கு வீட்டுப் பாடம் மாதிரி, 150 நாட்டிக்கல் மைல் கிராஸ் கன்ட்ரி, அதாவது ஊர் விட்டு ஊர் தனியாப் பறக்கணும்னு வரும்போது அது ரொம்ப கை குடுக்கும்.

உச்சிப்புளியிலயே ரன்வே இருக்கேன்னு கேக்குறாங்க. அது ஐஎன்எஸ் பருந்து, கடற்படையோடது, நம்ம தலைக்கு மேல போற டோர்னியரும் ஹெலிகாப்டரும் அங்க இருந்துதான். சிவிலியன் ட்ரெய்னிங் அங்க கிடையாது. அதனால நமக்கு வெளியூர்ச் செலவு கட்டாயம், கணக்குல சேத்துக்கங்க.

கலாம் ஐயா சென்னை எம்ஐடில சேர ஆயிரம் ரூபாய் பக்கம் தேவைப்பட்டப்ப அவரோட அக்கா ஜோஹரா வளையலையும் செயினையும் அடகு வச்சாங்க. விமானப்படைத் தேர்வுல எட்டு இடத்துக்கு ஒன்பதாவதா வந்து வாய்ப்பை விட்டவரு, 2006ல புனேயில சுகோய்ல பறந்தாரு. நம்ம ஊர்ல விமானத்துக்காக நகை அடகுக்குப் போறது புதுசு இல்ல. ஆனா பிபிஎல்லுக்காக வீட்டையோ படகையோ அடகு வைக்காதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், அது சம்பாதிச்சுக் குடுக்காத லைசென்ஸ். சிபிஎல்லுக்கு பேங்க்ல கல்விக் கடன் உண்டு, ஏழரை லட்சத்துக்கு மேல போனா பொதுவா சொத்து ஈடு கேப்பாங்க, அந்த முடிவை வீட்டுல எல்லாரும் உக்காந்து பேசி எடுங்க.

ஒரு ரூபா கட்டறதுக்கு முன்னாடி மெடிக்கல். பிபிஎல்லுக்கு கிளாஸ் 2 போதும், டிஜிசிஏ லிஸ்ட்ல இருக்கிற டாக்டர்ட்டதான் எடுக்கணும். கலர் தெரியிறதுல பிரச்சனை இருந்தா அங்கயே தெரிஞ்சிரும், அட்மிஷன் ஃபீஸ் கட்டின பிறகு தெரிஞ்சா அந்த வலி வேற. சிபிஎல் ஆசை இருந்தா கிளாஸ் 1 தேறுமான்னும் அப்பவே கேட்டுக்கங்க. பிளஸ் டூல ஃபிசிக்ஸ், மேத்ஸ் இல்லாத பசங்க என்ஐஓஎஸ்ல (மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி) அந்த ரெண்டு பேப்பரை மட்டும் எழுதிக்கலாம், அது சிபிஎல்லுக்குத்தான் தேவை.

பரீட்சை ஏர் ரெகுலேஷன், மெட்டியராலஜி, நேவிகேஷன், விமானமும் எஞ்சினும்னு வரும், பாஸ் மார்க் 70. இதை வீட்டுல இருந்தே படிச்சு முடிச்சிட்டுப் போனா வெளியூர் ரூம் வாடகை மிச்சம். என் மெட்டியராலஜி புக்கும் ரெகுலேஷன் புக்கும் ஊர்லதான் இருக்கு. மெடிக்கல் முடிச்சிட்டு வர்ற நம்ம பக்கத்துப் பசங்க யாரா இருந்தாலும் வந்து எடுத்துக்கங்க, நேவிகேஷன் புக்கு மட்டும் பரீட்சை முடிஞ்சதும் தர்றேன்.